நாகைக்குப் புத்த விகாரம் கட்டிக் கொடுத்தவங்க நாட்டை நாம ஏன் அடிச்சோம்? பையன் கேட்ட கேள்வி

வெளிப்பாளையம்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். நான் நாகப்பட்டினம், வெளிப்பாளையம். பையன் ஏழாவது படிக்கிறான். ஸ்கூல்ல பேச்சுப் போட்டி, தலைப்பு "கடாரம் கொண்ட சோழன்". நானும் கூட உட்கார்ந்து ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கப்பல் படை, வெற்றித் தோரணம், யானைகள்னு எல்லாம் வந்துடுச்சு. மனப்பாடமும் பண்ணிட்டான்.

நேத்து ராத்திரி தோசை ஊத்திக்கிட்டு இருக்கேன், பக்கத்துல வந்து நின்னுக்கிட்டான். "அம்மா, நம்ம தெருப் பக்கம் தோண்டும்போது புத்தர் சிலை கிடைச்சுதுன்னு தாத்தா சொல்வாங்கல்ல. அந்தப் புத்தர் கோயிலைக் கட்டினது கடாரத்து ராஜாதானே? அப்ப நம்மூர்ல கோயில் கட்டிக் கொடுத்தவங்க ஊரையா நம்ம ராஜா போய் அடிச்சாரு?" என்றான். எனக்குப் பதில் வரலை. நாளைக்குச் சொல்றேன்னு சொல்லிப் படுக்க வெச்சேன்.

ரெண்டு கேள்வி. ஒண்ணு, பையன் கேட்டது. இன்னொண்ணு என்னுது: கடாரத்தையும் சேர்த்து ஆண்ட ஸ்ரீவிஜயம்னு அவ்வளவு பெரிய ராஜ்ஜியம் இருந்ததே, அது ராஜேந்திரன் அடிச்சதுலயே முடிஞ்சு போச்சா? நான் தேடின புத்தகத்துல எல்லாம் 1025ஓட கதை நின்னு போகுது. தெரிஞ்சவங்க சொல்லுங்க. போட்டி அடுத்த வாரம்.

கீழவாசல்:

வணக்கம் சகோதரி. நான் தஞ்சாவூர். பெரிய கோயிலுக்குப் போனா தெற்குப் பக்கச் சுவர்ல ராஜேந்திரனோட மெய்க்கீர்த்தியை, அதாவது வெற்றிகளைப் பாடற கல்வெட்டு வரிகளைப் பார்க்கலாம். "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி"ன்னு ஆரம்பிச்சு, கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை யானைகளோட பிடிச்சது, வாசல்ல இருந்த விச்சாதிரத் தோரணத்தை எடுத்தது, அப்புறம் ஒவ்வொரு ஊரா வரும். ஸ்ரீவிஜயம் இன்னைக்கு சுமத்ராவில இருக்கிற பாலெம்பாங். மலையூர் ஜாம்பி பக்கம். இலாமுரிதேசம் அச்சே முனை. மாநக்கவாரம் நிக்கோபார். கடாரம் மலேசியாவோட கெடா.

துறைநீர்ப் பண்ணைன்னு ஒரு ஊருக்கு அடைமொழி வரும். எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடிக்கும். எழுதினவன் அந்தத் துறையைப் பார்த்திருப்பான்னு தோணும்.

வரிசைப்படி பார்த்தா படை சுமத்ராவுக்குப் போய், ஜலசந்தி நெடுக அடிச்சுக்கிட்டு வந்திருக்கு. அங்கே யாரையும் ஆள வெச்சுட்டு வரலை. இதுக்கு மேல எனக்கு ஆழமாத் தெரியாது. கீழ்வேளூர் பக்கம் ஒரு ஐயா இங்க எழுதுவார், அவர் வந்தா முழுசாச் சொல்வார்.

கடைமடை லஸ்கர்:

அம்மா, உங்க பையன் கேட்டதை நான் முப்பது வருஷமா எனக்குள்ளயே கேட்டுக்கிட்டு இருந்தவன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கணும்.

நான் பொதுப்பணித்துறையில லஸ்கரா இருந்து ஓய்வு பெற்றவன். ஷட்டரைத் தூக்கறது, இறக்கறது, காலையில கேஜ் பார்த்து நோட்டுல குறிக்கிறது, எந்த ஊருக்கு எப்போ தண்ணிங்கிற முறை மாறுற அன்னைக்கு ராத்திரி கரை நெடுக டார்ச்சோட நடக்கறது. மேட்டூர் ஜூன் 12ல திறந்தாலும் எங்க பக்கம் தண்ணி எட்டிப் பார்க்க நாள் ஆகும். கடைமடை. அதனால மேல இருக்கிற ஒவ்வொரு தலைப்புலயும் என்ன நடக்குதுன்னு தெரிஞ்சு வெச்சுக்கிறது எங்க பிழைப்பு. இதை ஏன் சொல்றேன்னா, ஸ்ரீவிஜயம் எனக்குப் புரிஞ்சது இந்த வேலை வழியாத்தான்.

என் பீட்டுக்குப் பக்கத்து ஊர் ஆனைமங்கலம். டீக்கடையில பஜ்ஜி மடிச்சுக் கொடுத்த பழைய வாரப் பத்திரிகைத் தாள்ல அந்தப் பேரைப் பார்த்தேன். லெய்டன் செப்பேடுன்னு போட்டிருந்தது. எண்ணெய்த் தாளைத் துடைச்சு வீட்டுக்குக் கொண்டு போனேன். அதுல இருந்து பிடிச்ச பைத்தியம்.

21 ஏடு, வளையத்துல கோத்தது. டச்சுக்காரங்க கைக்குப் போய் நெதர்லாந்துல லெய்டன் பல்கலைக்கழகத்துல இருந்ததால அந்தப் பேரு. அதுல இருக்கிற விஷயம் இதுதான்: ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அரசனா இருந்தவன் சூளாமணிவர்மன். அவன் பேர்ல நாகப்பட்டினத்துல ஒரு புத்த விகாரம். கட்டி முடிச்சது அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன். அந்த விகாரத்தோட செலவுக்கு ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டுல, 1006 வாக்குல, ஆனைமங்கலத்தை விட்டுக் கொடுத்தான். நிலம் 97 வேலிக்குச் சொச்சம். மூணு மா ஒரு ஏக்கர்னு நாங்க போடற கணக்குல 645 ஏக்கருக்குக் குறையாது. அதுல இருந்து விகாரத்துக்கு வர வேண்டிய நெல் 8,943 கலத்துக்கும் மேல. வகுத்துப் பார்த்தா வேலிக்கு 92 கலம். நாழி வரைக்கும் கணக்கு வெச்சு செம்புல வெட்டியிருக்காங்க. ராஜராஜன் சிவபக்தன். தன் ஊர்க் கடைசியில, கடல் தாண்டி வந்த பௌத்தர்களுக்காக, நம்ம சேத்து நிலத்து நெல்லை அளந்து கொடுத்திருக்கான்.

இப்ப உங்க பையனுக்கு ஒண்ணு சொல்லுங்க. ராஜராஜன் வாயால சொன்ன அந்த உத்தரவை, அவன் காலமான பிறகு, செப்பேட்டுல ஏத்தி நிலைக்க வெச்சது யாரு தெரியுமா? ராஜேந்திரன்தான். வளையத்துல இருக்கிறது அவன் முத்திரை. 1025ல படை அனுப்பினானே, அதே கை. அடிச்ச பிறகும் விகாரத்தைத் தொடலை. 1090ல குலோத்துங்கன், ராஜேந்திரனோட மகள் வயித்துப் பேரன், கடாரத்து அரசன் தூதர் ரெண்டு பேரை அனுப்பிக் கேட்டான்னு விகாரத்து ஊர்களுக்கு வரி தள்ளி இன்னொரு செப்பேடு கொடுத்தான். சின்ன லெய்டன் செப்பேடு, மூணு ஏடு. நம்ம காயாரோகணர் கோயிலுக்கும் ஸ்ரீவிஜயத்து அரசனோட ஆட்கள் வெள்ளியும் நகையும் சீனக் கனகமும் கொடுத்த கல்வெட்டுகள் இருக்கு, சண்டைக்குச் சில வருஷம் முன்னால. பௌத்த அரசன், சிவன் கோயில், சீனத்துப் பொன், நாகப்பட்டினம். நாலும் ஒரே இடத்துல.

அப்ப ஏன் அடிச்சான்? அதுக்கு ஸ்ரீவிஜயம் எப்படிப் பிழைச்சதுன்னு தெரியணும்.

பாலெம்பாங் கடல்ல இல்லை. முசி ஆத்துல ஏறி ஏறத்தாழ 80 கிலோமீட்டர் உள்ள போகணும். சுத்தி சதுப்பு, அலையாத்தி. சோழநாடு மாதிரி அளந்து நெல் வாங்கற நிலம் அவங்களுக்கு அதிகம் கிடையாது. அவங்களுக்கு வாய்ச்சது வாசல். சீனாவுல இருந்து வடகிழக்குக் காத்துல இறங்கி வர்ற கப்பலும், நம்ம பக்கம் இருந்து தென்மேற்குக் காத்துல போற கப்பலும் அந்த மலாக்கா ஜலசந்தியில வந்து காத்து மாறுற வரைக்கும் மாசக்கணக்குல கிடக்கணும். கிடக்கிற இடத்துல தண்ணி, அரிசி, பழுது பார்க்க மரம், சரக்கு வைக்கக் கிட்டங்கி, சாமி கும்பிட இடம், எல்லாம் வேணும். அதைக் கொடுத்தவன் ஸ்ரீவிஜயத்தான். சுத்தி இருந்த கடல் மக்களைக் கூலிக்கும் மரியாதைக்கும் தன் பக்கம் சேர்த்துக்கிட்டதால, யார் உள்ள வரணும், யார் தாண்டிப் போகக் கூடாதுங்கிறது அவன் கையில இருந்தது.

671ல இட்சிங்னு ஒரு சீனத் துறவி தென்சீனத் துறைமுகமான குவாங்சௌவுல கப்பல் ஏறி இருபது நாளைக்குள்ள அங்க வந்து சேர்ந்தார். ஆறு மாசம் சமஸ்கிருத இலக்கணம் படிச்சுட்டு நாளந்தா போனார். ஆயிரத்துக்கு மேல பிக்குகள் இருக்காங்க, இந்தியாவுக்குப் படிக்கப் போறவங்க முதல்ல ஒண்ணு ரெண்டு வருஷம் இங்க தங்கிப் பழகிட்டுப் போங்கன்னு எழுதி வெச்சிருக்கார். திரும்பி வந்தும் அங்கேயே வருஷக்கணக்கா மொழிபெயர்த்துக்கிட்டு இருந்தார். 689ல, எழுதத் தாளும் மையும் தீர்ந்து, ஊருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பலாம்னு துறையில நின்ன கப்பல்ல ஏறியிருக்கார். அந்த நேரம் பார்த்து காத்து திரும்பிடுச்சு, பாயை விரிச்சுட்டாங்க. இறங்க முடியாம சீனாவுக்கே போய்ச் சேர்ந்துட்டார். அஞ்சு லட்சம் சுலோகம் அளவுக்கு ஏடு பின்னால ஸ்ரீவிஜயத்துல கிடக்குது. அதுக்காகவே அந்த வருஷமே திரும்ப வந்தார். கடல்காத்துதான் அங்க எசமான்னு இதைவிட எப்படிச் சொல்றது.

நம்ம ஊர்ப் பேரும் அவர் எழுதினதுல இருக்கு. வூசிங்ங்கிற இன்னொரு துறவி கடாரத்துல இருந்து மேற்கே 30 நாள்ல நாகப்பட்டினம் வந்து, அங்கிருந்து ரெண்டு நாள்ல ஈழம் போனார்னு. ராஜராஜனுக்கு 300 வருஷம் முன்னால.

682ல பாலெம்பாங் பக்கத்துல கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு. பழைய மலாய் மொழி, ஆனா எழுத்து பல்லவ எழுத்து. அரசன் இருபதாயிரம் படையோட கிளம்பினதைச் சொல்லுது. ரெண்டு வருஷம் கழிச்சு தலாங் துவோ கல்வெட்டு, அதுல ஸ்ரீ ஜயநாசன்ங்கிற அரசன் ஒரு தோப்பு வெச்சதைச் சொல்றான். தென்னை, கமுகு, மூங்கில், சவ்வரிசி மரம்னு ஒவ்வொண்ணா எழுதி, இதோட பலன் எல்லா உயிருக்கும் சேரட்டும்னு முடிக்கிறான். முதல்ல அதைப் படிச்சப்போ நம்ம தோப்புதான் கண்ணுக்கு வந்தது. தெலாகா பாத்துன்னு ஒரு கல், மேல ஏழு தலை நாகம் படம் எடுத்து நிக்கும், கீழ தண்ணி வழிய ஒரு மூக்கு. கல் முழுக்க சாபம்: துரோகம் நினைச்சவன் செத்துப் போவான்னு. கல்லு மேல ஊத்தி வழியற தண்ணியை அதிகாரிகள் குடிச்சு சத்தியம் பண்ணியிருப்பாங்கன்னு ஆராய்ச்சி பண்ணினவங்க சொல்றாங்க. அந்த ராஜ்ஜியத்துக்கு நில எல்லை கிடையாது. ஒவ்வொரு ஆத்து வாயிலயும் ஒரு சிற்றரசன், அவனைக் கட்டி வெச்சிருந்தது இந்தச் சத்தியமும், துறையில இருந்து வர்ற பங்கும்தான். பங்கு நின்னா சத்தியம் எத்தனை நாளைக்கு நிக்கும்?

இப்ப 1025. ராஜராஜன் காலத்துலயே நம்மாளுங்க சீனாவுக்கு நேரா தூது அனுப்பிட்டாங்க. 1015ல போய்ச் சேர்ந்த அந்தத் தூதுக்கு வழியில ஆனது 1,150 நாள். அதுல கப்பல் ஓடினது 247 நாள்தான். மிச்சம் எல்லாம் துறைகள்ல காத்துக் கிடந்தது. அந்தத் துறைகள்ல பாதிக்கு மேல யாருடைய கையில இருந்ததுன்னு யோசிச்சுப் பாருங்க. அதே ஸ்ரீவிஜயம், 1003ல சீனச் சக்கரவர்த்திக்கு ஆள் அனுப்பி, உங்க ஆயுசுக்காக எங்க நாட்டுல புத்தர் கோயில் கட்டியிருக்கோம், பேரும் மணியும் கொடுங்கன்னு கேட்டு வாங்கிச்சு. அனுப்பினவன் அதே சூளாமணிவர்மன். சீனாவுக்கு ஒரு கோயில், நமக்கு ஒரு கோயில். நான் இதைத் தப்பாச் சொல்லலை. ரெண்டு பக்கமும் கப்பல் வந்தாத்தான் அவன் அடுப்பு எரியும். ஆனா நடுவுல உட்கார்ந்திருக்கிறவன் ரெண்டு பக்கத்தையும் நேருக்கு நேர் பேச விடமாட்டான். நாகப்பட்டினத்து வணிகர்களும் ஐந்நூற்றுவர்ங்கிற வணிகக் கூட்டமும் நேரே போகணும்னு பார்த்தாங்க. கம்போடியாவோட கெமர் அரசன் சூரியவர்மன் ராஜேந்திரனுக்குத் தேர் பரிசா அனுப்பி நட்புக் கேட்டிருந்தான், அதையும் ஒரு காரணமாச் சொல்றவங்க இருக்காங்க. எனக்குத் தோணறது முறைத் தகராறு. ஒரே வாய்க்கால்ல ரெண்டு ஊரு, கல்யாணம் காட்சிக்குப் போய்வர்ற ஊரு, தண்ணி நேரத்துல மண்வெட்டியோட நிக்கும். அதுக்கு அடுத்த வருஷம் தேர் இழுக்கும்போது ரெண்டு ஊரும் ஒரே வடத்தைப் பிடிக்கும். நான் கண்ணால பார்த்திருக்கேன்.

உங்க ரெண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். 1025ல முடியலை. மூணே வருஷத்துல, 1028ல, ஸ்ரீவிஜயத் தூது சீனாவுல நிக்குது. 1068 வாக்குல வீரராஜேந்திரன், உதவி கேட்டு வந்த கடாரத்து அரசனுக்காக அந்த நாட்டை வென்று அவனுக்கே கொடுத்ததா நம்ம கல்வெட்டு சொல்லுது. 1079ல குவாங்சௌவுல ஒரு தாவோ கோயிலைப் புதுப்பிக்க ஸ்ரீவிஜயம் பணம் கொடுத்திருக்கு. 1106ல சீன அரண்மனையில பர்மாவோட பகான் நாட்டுத் தூதுக்கு எந்த மரியாதைன்னு பேச்சு வந்தப்போ, சோழ நாட்டுக்குச் சமமாக் கொடுக்கலாம்னு சொல்ல, அதிகாரிங்க எதிர்த்திருக்காங்க: சோழநாடு ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கினதுதானே, அதனாலதான் அதுக்குச் சாதாரணத் தாள்ல எழுதினோம்னு. நாம ஜெயிச்சு 80 வருஷம் ஆன பிறகு! அங்க நம்ம பத்தின செய்தியே ஸ்ரீவிஜயத்து வழியாத்தான் போயிருக்குன்னு இதுல தெரியுது.

அவங்களை உண்மையில சாய்ச்சது வேற. சீனாக்காரன் தானே பெரிய கப்பல் கட்டிக்கிட்டு, திசைகாட்டி வெச்சுக்கிட்டு நேரா வர ஆரம்பிச்சான். 1087ல சுவான்சௌ துறைமுகத்துக்கும் கடல் வணிக அலுவலகம் கொடுத்துட்டாங்க. ஜாவாவுக்கு நேரா, கொல்லத்துக்கு நேரா. நடுவுல நிறுத்தணும்ங்கிற கட்டாயம் போச்சு. சுமத்ராவோட மத்த ஆத்து வாயெல்லாம் தனித்தனியா வியாபாரம் பேச ஆரம்பிச்சது. தலைநகரே பாலெம்பாங்ல இருந்து ஜாம்பிக்கு, பத்தாங் ஹாரி ஆத்துப் பக்கம் நகர்ந்துடுச்சு. 1225ல சௌ ஜுகுவான்னு ஒரு சீன அதிகாரி எழுதறார்: எந்தக் கப்பலாவது உள்ள வராமத் தாண்டிப் போனா, இவங்க படகெல்லாம் திரண்டு வந்து சாகத் துணிஞ்சு அடிக்கும்னு. எனக்கு அது பலமாத் தெரியலை. தானா வந்த கப்பல் வராமப் போனதும் பிடிச்சு இழுக்கிற நிலைமை.

அதே ஆளு இன்னொண்ணு எழுதியிருக்கார். முன்னெல்லாம் அந்த நாட்டுல கடல் கொள்ளைக்காரனைத் தடுக்க ஒரு இரும்புச் சங்கிலி இருந்ததாம். விசை வெச்சுத் தூக்கவும் இறக்கவும் செய்வாங்களாம். வணிகக் கப்பல் வந்தா இறக்கி விடறது. அப்புறம் வருஷக்கணக்கா அமைதி, சங்கிலிக்கு வேலை இல்லை, கழட்டிக் கரையில சுருட்டிப் போட்டுட்டாங்க. ஊர் ஜனங்க அதைப் புத்தரா நினைச்சுக் கும்பிடறாங்களாம். வர்ற கப்பல்காரனும் படையல் போடறானாம். எண்ணெய் தடவினா புதுசு மாதிரி பளபளக்குமாம், முதலை அதைத் தாண்டாதாம்.

இதைப் படிச்ச அன்னைக்கு நான் தூங்கலை. முப்பத்தாறு வருஷம் ஷட்டர் சங்கிலிக்கு கிரீஸ் தடவினவன் நான். ஆடிப்பெருக்கு அன்னைக்கு எங்க பக்கம் பொம்பளைங்க ரெகுலேட்டர் தூணுக்கு மஞ்சள் குங்குமம் வெச்சு, காப்பரிசி போட்டு, ஷட்டர் சக்கரத்துல பூ சுத்திட்டுப் போவாங்க. தண்ணி வராத வருஷமும் வெச்சிருக்காங்க. காஞ்ச ஆத்துல, மணல்ல ஊத்துத் தோண்டி, அதுல நனைச்சு வெச்சாங்க. அந்தச் சங்கிலியைக் கும்பிட்ட ஜனங்க முகம் எனக்கு நல்லாத் தெரிஞ்ச முகம்.

மிச்சத்தைச் சுருக்கமாச் சொல்லிடறேன். 1275ல ஜாவாவுல இருந்து கீர்த்தநகரன்ங்கிற அரசனோட படை மலாயு மேல, அதாவது ஜாம்பிப் பக்கத்து மலையூர் மேல வந்தது. 1286ல ஜாவாக்காரன் அமோகபாசர்ங்கிற போதிசத்துவர் சிலையை அனுப்பி, மேலாண்மையைக் காட்டிக்கிட்டான். வடக்குக் கரை ஊர்கள் இஸ்லாத்துக்கு மாற ஆரம்பிச்சது. 1377ல ஜாவாவோட மஜபாகித்து அரசு அடிச்சது. அதுக்கப்புறம் பாலெம்பாங்ல சீனக் கடல் கொள்ளைத் தலைவன் ஒருத்தன் உட்கார்ந்துட்டான், 1407ல சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ வந்து பிடிச்சுட்டுப் போனார். பாலெம்பாங்ல இருந்து போன பரமேசுவரன் 1400 வாக்குல மலாக்காவை நிறுவினார். அதே ஜலசந்தி, வேற மதகு. அப்புறம் ஸ்ரீவிஜயம்ங்கிற பேரே மறந்து போச்சு. 1913ல கல்வெட்டுல அந்தப் பேரைப் படிச்ச டச்சு அறிஞர் கெர்ன் அதை ஒரு ராஜாவோட பேருன்னு நினைச்சார். 1918ல செதேஸ்ங்கிற பிரெஞ்சுக்காரர் நம்ம சோழக் கல்வெட்டு, சீனக் குறிப்பு, மலாய்க் கல் எல்லாத்தையும் பக்கத்துல வெச்சுப் பார்த்து, இது ஒரு நாடுன்னு சொன்னார்.

என் அப்பா இளவயசுல நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி பினாங்கு போனவர். கப்பல் தூரத்துல நிக்கும், கடுவையாத்துல இருந்து படகுல கொண்டு போய் ஏத்துவாங்க. கெடாவுல சுங்கை பட்டாணி பக்கம் ரப்பர் தோட்டத்துல 11 வருஷம் பால் வெட்டினார். விடியக்காலையில ஜெராய் மலை முதல்ல தெரியும், தெரிஞ்சா கரை வந்தாச்சுன்னு எல்லாரும் மேல்தட்டுக்கு ஓடி வருவாங்கன்னு சொல்வார். அந்த மலை அடிவாரத்துல, புஜாங் பள்ளத்தாக்குல, சிவன் கோயில் அடித்தளமும் புத்தர் கோயில் அடித்தளமும் பக்கத்துப் பக்கத்துல கிடக்கு. அதுதான் பழைய கடாரம். 1,000 வருஷம் முன்னால போன மாலுமியும் அதே மலையைத்தான் பார்த்துக் கரை பிடிச்சிருப்பான். அப்பாவுக்குக் கடாரம்ங்கிற பேரு தெரியாது. எனக்குத் தெரிய வந்தப்போ அவர் இல்லை. பக்கத்துல உட்கார வெச்சு ஒருநாள் சொல்லணும்னு இருந்தேன்.

பாமணியாறு:

ஐயா, முழுக்கப் படிச்சேன். சங்கிலி விஷயம் எனக்குப் புதுசு, நன்றி. ஆனா ஒரு இடத்துல ஒத்துக்க முடியலை. நான் மன்னார்குடி, வரலாறு எம்.ஏ.

1025ஐ வெறும் முறைத் தகராறுன்னு சொல்லிட்டா அதோட கனம் குறைஞ்சுடும். அரசனையே பிடிச்சாங்க. கருவூலத்தைக் கொண்டு வந்தாங்க. பத்துக்கு மேல துறைகளை ஒரே வீச்சுல அடிச்சாங்க. அரசனோட சத்தியமும் சாபமும் அவனையே காக்கலைன்னு அத்தனை சிற்றரசனும் ஒரே நேரத்துல பார்த்துட்டான். அதுக்குப் பிறகு தலைநகர் ஜாம்பிக்குப் போறதும், சுமத்ராவோட மேற்குக் கரையில பாருஸ் பக்கம் 1088ல நம்ம ஐந்நூற்றுவர் தமிழ்லயே கல்வெட்டு வெட்டி, மரக்கலத்துக்கு இவ்வளவு பொன் தீர்வைன்னு தாங்களே விதிக்கிறதும் தற்செயல் இல்லை. ஸ்ரீவிஜயம் பலமா இருந்தா, அவன் தீவுல இன்னொருத்தன் தீர்வை வாங்க முடியுமா? கற்பூரம் கிளம்பற துறை அது.

அதோட அடிபட்டது அரசன் மட்டும் இல்லை. துறைகள்ல இருந்த சாதாரண ஜனங்களும். அதை நம்ம மெய்க்கீர்த்தி சொல்லாது. பையன் கேட்டது அதைத்தான்னு நினைக்கிறேன்.

கடைமடை லஸ்கர்:

நீங்க சொல்றது சரி தம்பி. நான் தண்ணி போன வழியையே பார்த்துக்கிட்டு, ஷட்டரை உடைச்சவனை லேசா விட்டுட்டேன். பாருஸ் கல்வெட்டை நான் வியாபாரக் கணக்காத்தான் வெச்சிருந்தேன். நீங்க வெச்ச இடத்துல வெச்சுப் பார்த்தா வேற மாதிரி தெரியுது. அந்த அடி இல்லைன்னா இன்னும் ஒரு நூறு வருஷம் சீனாக்காரனைக்கூடத் தாக்குப் பிடிச்சிருப்பாங்களோ என்னமோ. அடி விழுந்ததும், கப்பல் வழி மாறினதும் ஒண்ணு மேல ஒண்ணு வந்துடுச்சு.

ஜனங்களைப் பத்தி நீங்க எழுதின வரியை ரெண்டு தடவை படிச்சேன். அதையும் பையன்கிட்ட சொல்லணும்.

நம்ம பக்கம் என்ன ஆச்சுங்கிறதையும் சேர்த்துக்கலாம். 1349ல சீனப் பயணி வாங் தாயுவான் எழுதின குறிப்புல நாகப்பட்டினத்து மண் கோபுரம் வருது, 1267ல முடிச்சதா சீன எழுத்து இருந்ததாம். சோழனும் ஸ்ரீவிஜயமும் மங்கின காலத்துலயும் சீனக் கப்பல்காரன் வந்து கும்பிட்டிருக்கான். மூணு நிலைச் செங்கல் கோபுரம் ஒண்ணு வெள்ளைக்காரன் காலம் வரை நின்னது, புதுவெளிக் கோபுரம், சீனக் கோபுரம்னு கூப்பிடுவாங்க. கப்பல்காரனுக்குக் கரை அடையாளம் அது. 1846ல வால்டர் எலியட்ங்கிற வெள்ளைக்கார அதிகாரி வந்து பார்த்துப் படம் எழுதி வெச்சார். 1867ல பாதிரிமார்கள் அரசாங்க அனுமதி வாங்கி இடிச்சுட்டாங்க. உங்க மாமனாரோ அப்பாவோ சொன்ன சிலைங்க உண்மைதான் அம்மா. 1856ல ஆரம்பிச்சு 1930கள் வரைக்கும் வெளிப்பாளையம், நாணயக்காரத் தெரு பக்கம் தோண்டத் தோண்ட 350 புத்தத் திருமேனிகள் கிட்டக் கிடைச்சது. எழும்பூர் மியூசியத்துல நிறைய இருக்கு. உங்க வீட்டு மண்ணு அது.

வெளிப்பாளையம்வாசி:

ஐயாவுக்கும், தஞ்சாவூர் அண்ணனுக்கும், மன்னார்குடி தம்பிக்கும் நன்றி. சொன்னது எங்க மாமனார்.

சாயங்காலம் பையனை உட்கார வெச்சுப் படிச்சுக் காட்டினேன். இட்சிங் கப்பல்ல மாட்டிக்கிட்ட இடத்துல சிரிச்சான். சங்கிலி வந்ததும் சிரிப்பு நின்னுடுச்சு. "அந்தச் சங்கிலி இப்ப எங்கம்மா இருக்கு?"ன்னு கேட்டான். தெரியலைப்பான்னு சொன்னேன். அப்புறம் நான் எழுதிக் கொடுத்த ரெண்டு பக்கத்துல கடைசிப் பக்கத்தைக் கிழிச்சுட்டு அவனே எழுதறான். ராஜேந்திரன் செப்பேட்டுல ஊரை எழுதிக் கொடுத்ததை முதல்ல சொல்லணும், படை போனது ரெண்டாவதுதான்கிறான். மூணு நிமிஷத்துல இவ்வளவும் அடங்குமான்னு எனக்குப் பயம். அவனுக்கு இல்லை. பரிசு வராட்டியும் பரவாயில்லைன்னு விட்டுட்டேன்.

மாமனார் கதவோரம் நின்னு கேட்டுக்கிட்டு இருந்தார். சின்ன வயசுல சிலை எடுத்த குழியை எட்டிப் பார்த்ததை இன்னைக்குத்தான் முழுசாச் சொன்னார். செங்கல் ஒவ்வொண்ணும் அவர் முழங்கை நீளம் இருந்ததாம்.

ஐயா, ஞாயித்துக்கிழமை பையனையும் மாமனாரையும் கூட்டிக்கிட்டு ஆனைமங்கலம் வரலாமா? அங்க பார்க்க ஏதாவது இருக்கா?

கடைமடை லஸ்கர்:

வாங்கம்மா. விகாரத்துக்குக் கொடுத்த ஊருங்கிறதுக்கு அங்க பலகைகூட நான் பார்த்ததில்லை. வயல்தான் இருக்கு. இப்ப சம்பா நடவு நடக்குது, வாய்க்கால் நிறையத் தண்ணி ஓடுது, பார்க்க நல்லா இருக்கும். சோழர் காலத்துல ஒரு ஊரைத் தானமாக் கொடுத்தா பெண் யானையை நடக்க விட்டு, அது போன வழியை எல்லையாக் காட்டுவாங்க. பிடி சூழறதுன்னு பேரு. பையனை அந்த வரப்புல நடக்க விடலாம்.

காலையில எட்டு மணிக்கு முன்ன கீழ்வேளூர் வந்துடுங்க, வெயில் ஏறினா பெரியவருக்குச் சிரமம். நான் பஸ் ஸ்டாண்டுல சைக்கிளோட நிப்பேன். போற வழியில ரெகுலேட்டர் இருக்கு, இப்ப வேலை பார்க்கிற தம்பி எனக்குத் தெரிஞ்சவன். ஷட்டர் சக்கரத்தை ஒரு சுத்து சுத்தச் சொல்றேன் பையனை. மாமனாரை அந்தச் செங்கல் கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்க, நான் நோட்டு கொண்டு வரேன்.